குழிக்கும் ஒரு நம்பர் போடுவோம்

வேலை முடிந்த கையோடு நேராக இங்கே வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே!

இரு சக்கர வாகன ஓட்டிகளின் உரிமைக்கு ஒரு சங்கம் என்றால், கோயம்புத்தூரைவிடப் பொருத்தமான ஊர் ஏது? கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, இதே ஊரில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து வண்டி வாங்கியவர். வாங்கியதோடு விட்டாரா? கழற்றிப் பார்த்தார், திரும்பப் பூட்டினார். நம் சங்கத்தின் அடுத்த ஆண்டு வேலையையும் அப்படிக் கழற்றிப் பார்த்தால் என்ன?

‘சாலைகளைச் சீரமைக்க அரசை இக்கூட்டம் கேட்டுக்கொள்கிறது’ என்று தீர்மானம் போடுவது எளிது. எந்தச் சாலை? சீரமைக்க வேண்டியவர் யார்? எந்தத் தேதிக்குள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தீர்மானம், மினிட்ஸ் புத்தகத்திலேயே படுத்துத் தூங்கிவிடும்.

2022இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இந்த முதலிடத்துக்கா ஆசைப்பட்டோம்?

நாம் ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். நம் வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்கிறது. கேமரா படம் பிடிக்கிறது, செல்போனுக்குச் செய்தி வருகிறது. சரி, கட்டுவோம். ஆனால் 2019இல் திருத்திய அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தரக் குறைவாகச் சாலை போட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நம் அபராதம் டீக்கடையில்கூடப் பேச்சாகிறது. இந்த அபராதத்தைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நமக்கு நம்பர் இருக்கிறது. குழிக்கு நம்பர் இல்லை. அதுதான் வித்தியாசம்.

ஆகவே முதல் இலக்கு, குழிக்கும் வேகத்தடைக்கும் நம்பர் போடுவது. வேகத்தடைக்கு ஏன்? அதிகாலை நாலரை மணிக்குப் பால்காரர் வருகிறார். வண்டியின் இரண்டு பக்கமும் கேன். தெருவிளக்கு எரியவில்லை. வேகத்தடையின் மேல் வெள்ளைப் பூச்சு இல்லை. முன்சக்கரம் ஏறியதும் கேன்கள் ஒரு பக்கம் சாய்கின்றன, வண்டி இன்னொரு பக்கம் இழுக்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ். அகலம் இருந்தால் வண்டி ஏறி இறங்கும். நம் தெருவில் இருப்பதோ வாசற்படி! டேப் எடுத்து அளப்போம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போடுவோம். படம், அளவு, தேதியோடு மாதம் ஐந்து இடம், ஆண்டுக்கு 60 இடம். சாலை யாருடையதோ அந்த அலுவலகத்துக்கு மனு. நகல் ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு. முப்பது நாளில் பதில் இல்லையா? பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். நாளை அங்கே ஒருவர் விழுந்தால், ‘எங்களுக்குத் தெரியாதே’ என்று யாரும் கைவிரிக்க முடியாது.

இரண்டாவது இலக்கு, இழப்பீடு. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய் உண்டு. 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை. வண்டி நம்பர் தெரியாததால் ஒன்றும் கிடைக்காது என்று நினைத்து விட்டுவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. வட்டத்துக்கு இரண்டு உறுப்பினர்கள், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் அலுவலகத்துக்கு உடன் போகவும் முன்வர வேண்டும்.

மூன்றாவது இலக்கு நமக்கு நாமே போட்டுக்கொள்வது. பின்னால் உட்காரும் மனைவிக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட், இரண்டு தலையிலும் பட்டை மாட்டியபடி. தன் தலையை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறவன் ஊருக்கு உரிமை கேட்டால் யார் மதிப்பார்கள்?

‘நாலு பேர் மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குப் போட்டவர், நம் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. மாநிலங்கள் அந்தக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது. அது ஒரு மருத்துவர் தொடங்கிவைத்தது. இங்கே ஒரு மண்டபமே நிறைந்திருக்கிறது.

இந்த மூன்றையும் தீர்மானமாக முன்மொழிகிறேன். கை தூக்கினால் போதாது, தோழர்களே! வாசலில் பதிவேடு இருக்கிறது. உங்கள் பெயர், நீங்கள் அளக்கப்போகும் தெரு, முடிக்கும் மாதம் மூன்றையும் எழுதிவிட்டு வண்டியை எடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் வாசிப்போம்.