தைராய்டு ரிப்போர்ட்: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்
(திருப்பூர் பனியன் தொழிலாளர்களுக்கான விழிப்புணர்வு உரை)



உடம்பு அசதியா இருந்தா ஓவர்டைம் பார்த்த களைப்புன்னு விட்டுடறோம். டெஸ்ட்ல டி.எஸ்.ஹெச். 6-ன்னு வந்துட்டா, ஆயுசுக்கும் மாத்திரையான்னு பயப்படறோம். ரெண்டுமே வேண்டாமுங்க.

டி.எஸ்.ஹெச். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்கும். சற்றே கூடியிருந்து, டி4 அளவு சரியாக இருந்தால், 2, 3 மாதம் கழித்து மறுபடி பரிசோதிப்பார்கள். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகூட முடிவை மாற்றிக் காட்டும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

10-க்கு மேல் போனாலோ, டி4 குறைந்தாலோ பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். கர்ப்பிணிகள் மட்டும் காத்திருக்கவே கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டை நம்பித்தான் இருக்கு.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்க. டீ, அரை மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்க. நீங்களாக நிறுத்தாதீங்க.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகம், இல்லையென்றால் அரசு மருத்துவமனை. சந்தேகம் கேட்க 104. அரை ஷிப்ட் போனாலும் பரவாயில்லை, ரிப்போர்ட்டோடு ஒருமுறை டாக்டரைப் பார்த்துடுங்க.