விலக்கப்பட்டவர் கண்ட கடவுள்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கு ஓர் அநுபவம் பொதுவானது. ஊரில் இருந்தவரையில் நாம் பெரிதாக எண்ணாத வழக்கங்கள் இங்கே வந்தபின் பெரியனவாகிவிடுகின்றன. மார்கழி விடியற்காலையில் ஊரிலே போர்வைக்குள் சுருண்டு கிடந்தவர், தில்லி கரோல்பாகின் கடுங்குளிரில் பஜனைக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறார். மும்பை மாதுங்காவில் நம்மவர் கூடி நடத்தும் விழாக்களில் உள்ள ஒழுங்கு, பல வேளைகளில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில்கூட இல்லை. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதே கூட்டத்தில் ஒருவர், "எனக்கு இதில் நம்பிக்கை போய்விட்டது" என்று சொல்லிவிட்டால், ஊரிலே ஒரு புன்முறுவலோடு போயிருக்கக்கூடிய பேச்சு இங்கே பெருங்குற்றமாகிவிடுகிறது. அவர் நம்மை விட்டுப் போகிறார் என்பதைவிட, நாம் கரைந்து போகிறோம் என்ற அச்சமே அப்போது நம்மைக் கோபங்கொள்ளச் செய்கிறது.

அந்த அச்சத்துக்கு ஆளான ஒரு சமூகத்தையும், அதிலிருந்து விலக்கப்பட்ட ஓர் இளைஞர் பிறகு தம் நம்பிக்கையை எவ்வாறு புதிதாக அமைத்துக்கொண்டார் என்பதையும் இன்று நாம் சிந்திப்போம். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்த இடத்தில் வாழ்ந்தவர்கள். நம்மைவிடப் பன்மடங்கு துன்பப்பட்டு வந்தவர்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்த போர்ச்சுகீசிய யூதர்கள் அவர்கள். 1497-இல் போர்ச்சுகல் அரசர் தம் நாட்டு யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கினார். அதன்பின் பல தலைமுறைகள், வெளியே மாதாகோயிலும் உள்ளே பழைய நினைவுமாக, மத விசாரணை மன்றத்துக்கு அஞ்சி அஞ்சி வாழ்ந்த குடும்பங்களே ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்தன. வந்தபோது அவர்களிற் பலருக்குத் தங்கள் சமயத்தின் பிரார்த்தனைகளே சரிவரத் தெரியா. ரபிகள் எனப்படும் குருமார்களை வெனிஸ் முதலிய நகரங்களிலிருந்து வரவழைத்து, வளர்ந்தபின் அரிச்சுவடி கற்பவர்களைப்போல் முன்னோரின் மதத்தைக் கற்றுக்கொண்டார்கள். அவ்வாறு அரும்பாடுபட்டுக் கற்றவர்கள் அதில் ஓர் எழுத்தும் பிசக விடமாட்டார்கள் என்பது இயல்பே. அதோடு அவர்கள் அந்த ஊருக்கு விருந்தாளிகள். கிறிஸ்தவ சமயத்தைப் பழித்துப் பேசவோ எழுதவோ கூடாதென்று நகரத்தார் 1616-இலேயே அவர்களுக்கு விதித்திருந்தார்கள். தம்மில் ஒருவர் தாறுமாறாகப் பேசினால் ஒதுங்கக் கிடைத்த நிழலும் பறிபோய்விடுமோ என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள்.

அச்சம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஊரியேல் ட கோஸ்டா என்பவரின் முடிவே சான்று. ஆன்மா அழிவற்றது என்பதை மறுத்த அவர், விலக்கப்பட்டுத் தனித்து வாழ இயலாமல், 1640-இல் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார். தொழுகைக் கூடத்தில் முப்பத்தொன்பது கசையடி கொடுத்தார்கள். பிறகு வாயிற்படியில் படுக்கச் செய்து, எல்லாரும் அவரைத் தாண்டிச் சென்றார்கள். வீட்டுக்குப் போன அவர் சிலநாளில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அப்பொழுது அந்தச் சமூகத்து வணிகர் ஒருவரின் வீட்டில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பாரூக் ஸ்பினோஸா என்பது அவன் பெயர்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1656 ஜூலை 27-ஆம் தேதி, அதே தொழுகைக் கூடத்தில் ஸ்பினோஸாவின் மீது விலக்குத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அவருக்கு வயது இருபத்து மூன்று. இன்னும் ஒரு நூலும் எழுதவில்லை. ஹேரெம் என்னும் அந்த விலக்கு அங்கே அபூர்வமானதன்று. சிறுசிறு குற்றங்களுக்கெல்லாம் விதிப்பார்கள். மன்னிப்புக் கேட்டு அபராதம் கட்டினால் நீக்கிவிடுவார்கள். இவர்மீது விழுந்ததோ சாபங்கள் நிறைந்தது. அவரோடு எவரும் பேசலாகாது. எழுத்துத் தொடர்பும் கொள்ளலாகாது. ஒரே கூரையின் கீழ்த் தங்கலாகாது. நான்கு முழத்துக்குள் நெருங்கலாகாது. அவர் எழுதிய எதையும் படிக்கலாகாது. கொடிய கொள்கைகள், கொடிய செயல்கள் என்று தீர்ப்புக் கூறுகிறதே தவிர, அவை யாவை என்று கூறவில்லை.

இதெல்லாம் ஐரோப்பியப் பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். ஜாதிக் கட்டு, ஊர் விலக்கு, தண்ணீரும் நெருப்பும் கொடாமை ஆகியவற்றை நம் பாட்டன்மார் நன்கறிவார்கள். இதே மும்பையில், எந்த மதக் கூட்டமும் தன் உறுப்பினரை விலக்கக்கூடாதென்று 1949-இல் பம்பாய் அரசு ஒரு சட்டம் செய்தது. தாவூதி போரா சமூகத்தின் தலைமை குரு அதை எதிர்த்து வழக்காடினார். 1962-இல் உச்ச நீதிமன்றம், மதக் காரணத்துக்காக விலக்குவது ஒரு சமயக் கூட்டத்தின் உள்விவகார உரிமை என்று கூறி அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. ஐவரில் நால்வர் அவ்வாறு கூறினர். தலைமை நீதிபதி சின்ஹா ஒருவர் மட்டும், விலக்கப்பட்டவனுக்கு மயானங்கூட இல்லாமற் போகிறதே என்னும் நோக்கில் மாறுபட்டார். நால்வர் பக்கம் நின்றவர்களில் நம் ராஜகோபால ஐயங்காரும் ஒருவர். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் சட்டத்தை மகாராஷ்டிர சட்டசபை 2016-இல் மீண்டும் இயற்றியது. நீதிபதிகளே ஒன்றுபடாத விஷயத்தில் நாம் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. எந்தச் சட்டமும் அண்ணனைத் தம்பியோடு பேசவைக்க முடியாது.

ஸ்பினோஸாவுக்கு நேர்ந்த முதல் இழப்பு அதுவே. தந்தை இறந்தபின் அவரும் தம்பி கேப்ரியேலும் சேர்ந்து கடை நடத்தி வந்தார்கள். கடையின் பெயரே இருவர் பெயராலும் அமைந்தது. விலக்குக்குப் பின் தம்பி அண்ணனோடு பேசலாகாது. வணிகம் போயிற்று, உடன்பிறந்தார் போயினர். கொள்கையை மாற்றிக்கொள்வது கடினம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கொள்கை மாறிய பின்னர், பண்டிகை நாளில் எந்த வீட்டுக்குப் போவது என்பதே அதைவிடக் கடினமான கேள்வி. கட்டுப்பாடான சபைகளை விட்டு வந்தவர்கள் எல்லாரும் இதை அறிவார்கள்.

இத்தகைய நிலையில் மனிதர் செல்லும் வழி பெரும்பாலும் இரண்டு. ஒன்று, விட்ட கூட்டத்துக்கு ஈடாக அதே கட்டுப்பாடுள்ள மற்றொரு கூட்டத்தில் சேர்ந்துவிடுவது. மற்றது, விட்டதை வாழ்நாள் முழுவதும் வைதுகொண்டேயிருப்பது. ஸ்பினோஸா கிறிஸ்தவராகியிருந்தால் ஹாலந்தில் கைநீட்டி ஏற்றிருப்பார்கள், அவர் ஆகவில்லை. பாரூக் என்ற எபிரேயப் பெயரை அதே பொருளுடைய பெனடிக்டஸ் என்று லத்தீனில் மாற்றிக்கொண்டாரே தவிர, ஞானஸ்நானம் பெறவில்லை. ரைன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் சிலகாலம் தங்கினார். அங்கே கொலீஜியன்டுகள் என்றொரு கூட்டம் இருந்தது. அவர்களுக்குக் குருக்கள் இல்லை. கூடியிருப்போரில் யார் வேண்டுமானாலும் எழுந்து வேதத்தைப் பற்றிப் பேசலாம். அவர்களிற் சிலர் அவருக்கு நண்பர்களானார்கள். ஆயினும் அவர்களோடும் அவர் நண்பராக இருந்தாரேயன்றி உறுப்பினராகவில்லை. கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கிக்கும் நுண்நோக்கிக்கும் வில்லைகள் செய்தார். ஹைகன்ஸ் போன்ற விஞ்ஞானிகள் அவற்றைப் பாராட்டினர்.

வைவதை அவர் முழுவதும் விட்டுவிட்டாரா? இல்லை என்றே சொல்ல வேண்டும். 1670-இல் பெயர் போடாமல் அவர் வெளியிட்ட சமய அரசியல் நூலில், பிறந்த சமூகத்தைப் பற்றி எழுதும் சில இடங்களில் கடுமை மிகுந்திருக்கிறது. நியாயத்தைவிடக் காயமே அங்கே பேசுகிறது என்பது நம் எண்ணம். ஆனால் அந்நூலின் நடுக் கருத்து வேறு. வேதத்தை அவர் தூக்கி எறியவில்லை. மறுபடியும் உட்கார்ந்து, எபிரேய மொழியின் இலக்கணத்தோடு, எந்தக் காலத்தில் யார் யாருக்குச் சொன்னது என்று கேட்டுக் கேட்டுப் படித்தார். படித்து முடித்தபோது சரித்திரமும் சடங்கும் கழிந்துபோய், நீதியாக நட, அயலானை நேசி என்னும் கட்டளையே எஞ்சியது. ஒருவனுடைய நம்பிக்கையை அவன் ஒப்பிக்கும் சூத்திரத்தால் அளக்கலாகாது, நடத்தையால் அளக்கவேண்டும் என்றார். அந்த நூலை 1674-இல் ஹாலந்து அரசு தடைசெய்தது.

அவர் இறந்தபின் 1677-இல் வெளிவந்த 'எதிக்ஸ்' இன்னும் ஆழமானது. யூக்ளிடின் க்ஷேத்திர கணிதம்போல் வரையறை, தேற்றம், நிரூபணம் என்று எழுதப்பட்டதால் பலர் முதற் பக்கத்திலேயே மூடிவிடுகிறார்கள். நாமும் பலமுறை மூடியிருக்கிறோம். கடவுள் உலகத்துக்கு வெளியே அமர்ந்து பரிசும் தண்டனையும் வழங்கும் அரசர் அல்லர். உள்ளதனைத்தும் அவரிலேயே உள்ளது. இயற்கை வேறு, கடவுள் வேறு அல்ல என்பது அதன் அடிப்படை. இதைக் கேட்டவுடன் நம்மவர், "இது நம் அத்வைதந்தானே!" என்று மகிழ்ந்துவிடுவது வழக்கம். அது அவசரம். உலகத்தைத் தோற்றமென்று அவர் எங்கும் சொல்லவில்லை. கல்லும் புல்லும் கோபமும் பொறாமையும் காரண காரியத்தோடு மெய்யாகவே உள்ளவை என்றும், அவற்றை அறிய அறியக் கடவுளை அறிகிறோம் என்றும் சொல்கிறார்.

அந்நூலின் ஐந்தாம் பகுதியில் ஓர் அரிய தேற்றம் உண்டு. கடவுளை மெய்யாக நேசிப்பவன், கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்கவேண்டும் என்று முயலமாட்டான் என்பது அதன் சாரம். சபையில் இருந்தவரை சபையாருடைய அன்பும் கடவுளுடைய அன்பும் ஒன்றாகவே தோன்றும்; சபை கைவிட்டால் கடவுளும் கைவிட்டதாகவே மனம் நடுங்கும். சாபத்தின் வலிமையே அந்த நடுக்கத்தில்தான் இருக்கிறது. பிரதியாக ஒன்றையும் எதிர்பாராத பக்தியை எவரும் விலக்கிவைக்க முடியாது. இந்தத் தேற்றத்தை எழுதியவர் 1656-இன் ஜூலை மாதத்தை மறந்துவிட்டு எழுதியிருப்பார் என்று நம்மால் நினைக்க முடியவில்லை.

கடைசி ஆண்டுகளில் அவர் ஹேக் நகரில், லூதரன் கிறிஸ்தவரான ஓர் ஓவியரின் வீட்டில் வாடகை அறையில் வாழ்ந்தார். அந்த வாழ்க்கையை நமக்கு எழுதிவைத்தவர், அவருடைய கொள்கையை அறவே வெறுத்த ஒரு லூதரன் பாதிரியார் என்பது விந்தை. 1705-இல் அவர் வெளியிட்ட வரலாறு சொல்கிறது: வீட்டார் கோயிலிலிருந்து திரும்பினால், இன்று பிரசங்கத்தில் என்ன கேட்டீர்கள் என்று ஸ்பினோஸா விசாரிப்பாராம், பெரியவர்களுக்கு அடங்கிக் கோயிலுக்குப் போங்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்வாராம். ஒருநாள் வீட்டுக்கார அம்மாள், தன் மதத்தில் இருந்தே தனக்கு ஈடேற்றம் கிடைக்குமா என்று அவரையே கேட்டுவிட்டாள். உங்கள் மதம் நல்லதே, அமைதியாகவும் பக்தியோடும் வாழ்ந்தால் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை என்று அவர் பதில் கூறினாராம். தாம் கண்ட உண்மையை அந்த அம்மாளின் தலையில் ஏற்ற அவர் முனையவில்லை. தம்மை ஒருகாலத்தில் அடித்த கோலைத் தம் கையில் எடுக்கவில்லை.

1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. நாட்டின் மதத்தைக் குலைக்காதவரையில் சுதந்தரமாகப் போதிக்கலாம் என்றார்கள். அந்த எல்லை எங்கே இருக்கிறதென்று தமக்குத் தெரியவில்லை என்று எழுதி மறுத்துவிட்டார். 1677 பிப்ரவரி 21-ஆம் தேதி, நாற்பத்து நான்காம் வயதில் மார்நோயால் காலமானார். எந்தச் சபையிலும் சேராத அவரை ஹேக் நகரத்துப் புதுக் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

அந்த விலக்கு இன்னும் நீக்கப்படவில்லை. இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன் அதை நீக்க வேண்டுமென்று 1950-களில் குரல் கொடுத்தார். 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் அறிஞர்களை வரவழைத்து மறுபடியும் விவாதித்தார்கள். பழைய தீர்ப்பு அப்படியே இருக்கட்டும் என்று சமூகத்தின் ரபி கூறினார். ஆனால் 1956-இல், விலக்கின் முந்நூறாம் ஆண்டில், இஸ்ரேலில் இருந்த அன்பர்கள் ஹேக் நகரத்துக் கோயில் முற்றத்தில் ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். அதில் எபிரேய மொழியில் ஒரே சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. 'உன் மக்கள்' என்பது அதன் பொருள்.