ஒரே படம், இரு நாடுகள்: கூட்டு அஞ்சல்தலைகளைத் தொகுத்தல்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கூட்டு அஞ்சல்தலைகள். மொழி மன்றத்தின் மேடையில் அஞ்சல்தலைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்தைப் பொழிவு முடிவதற்குள் தீர்க்க முயல்வோம்.

இரண்டு நாடுகளோ பல நாடுகளோ தம்முள் கலந்து பேசி, ஒரே பொருளைப் பற்றி, பெரும்பாலும் ஒரே நாளில், ஒத்த வடிவமைப்பில் அஞ்சல்தலை வெளியிடுமானால் அதனைக் கூட்டு வெளியீடு என்கிறோம். படம் ஒன்றாக இருக்கும். நாட்டின் பெயர், நாணயம், மொழி ஆகியவை வேறுபடும். ஒரே படத்தைப் பல நாடுகள் வெளியிட்டாலே அது கூட்டு வெளியீடு ஆகிவிடுமா என்றால், ஆகாது. 1935ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்கு, வின்ட்சர் கோட்டையின் படத்தோடு ஒரே வடிவத்தில் அஞ்சல்தலைகள் வெளிவந்தன. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களும் அவற்றை வெளியிட்டன, இலங்கையும் வெளியிட்டது. அந்த ஒற்றுமை ஆட்சியின் கட்டளையால் வந்தது. கூட்டு வெளியீட்டின் ஒற்றுமை உடன்பாட்டால் வருவது.

இவ்வுடன்பாட்டின் இயல்பை விளக்க, நாடறிந்த இரண்டு சான்றுகளை மட்டும் சொல்வோம். செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டதையொட்டிக் கனடாவும் அமெரிக்காவும் 1959 ஜூன் 26 அன்று ஒரே வடிவமைப்பில் அஞ்சல்தலை வெளியிட்டன. மேப்பிள் இலையும் கழுகும் அதில் இணைந்து நின்றன. கனடாவின் தலை 5 சென்ட், அமெரிக்காவின் தலை 4 சென்ட். கனடாவின் தலையில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இடம்பெற்றது. படத்தில் உடன்பட்ட இரு நாடுகளும் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது 1975. அப்போலோ, சோயுஸ் விண்கலங்கள் விண்ணில் இணைந்த நிகழ்ச்சிக்கு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஜூலை 15 அன்று இரட்டை அஞ்சல்தலைகளை வெளியிட்டன. ஒரு படத்தை அமெரிக்க ஓவியர் ராபர்ட் மெக்கால் வரைந்தார்; மற்றொன்றைச் சோவியத் ஓவியர் அனத்தோலி அக்சாமித் வரைந்தார். இரு படங்களையும் இரு நாடுகளும் அச்சிட்டன. பனிப்போர் முடியாத காலத்தில், எதிரணி ஓவியரின் படத்தைத் தன் நாட்டுக் கடிதங்களின்மேல் ஒட்ட ஒவ்வோர் அரசும் இசைந்தது. இது சிறிய செய்தியன்று.

இவ்விடத்தில் எம் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அஞ்சல்தலை தொகுக்கத் தொடங்கிய நாளில், எல்லாரையும் போல நாமும் நாடுவாரியாகவே அடுக்கினோம். அமெரிக்காவுக்கு ஓர் ஏடு, சோவியத்துக்கு ஓர் ஏடு. இரண்டிலும் அதே விண்கலங்கள் இருந்தன. ஆண்டுக்கணக்கில் அதனை நாம் உணரவில்லை. ஒரு நாள் இரண்டு ஏடுகளும் மேசைமேல் திறந்தபடி கிடந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஓர் உரையாடலை இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்! அன்று முதல் கூட்டு வெளியீடுகளுக்கெனத் தனி ஏடு வைத்து, இணைகளை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைக்கிறோம். அப்படி வைத்தால் தாளின் தன்மை, மையின் சாயல், ஓரத் துளைகளின் நெருக்கம் ஆகிய வேறுபாடுகளும் தாமே புலப்படும்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஆசியான் அமைப்பின் 40ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2007 ஆகஸ்ட் 8 அன்று பத்து உறுப்பு நாடுகளும் கூட்டு வெளியீடு செய்தன. நாட்டுக்கொரு கட்டடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிங்கப்பூருக்குத் தேசிய அரும்பொருளகம், மலேசியாவுக்குக் கோலாலம்பூரின் ரயில்வே தலைமையகம், வியட்நாமுக்கு ஹனோயின் அதிபர் மாளிகை. இத்தொகுப்பை முழுமையாக்குவது எளிதன்று. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நண்பர் வேண்டும். நண்பருக்குக் கடிதம் எழுத வேண்டும். தொகுப்போர் பலருக்கு அயல்நாட்டு நட்பு வாய்த்தது இவ்வாறே.

எம் ஏட்டில் நாம் மிகவும் போற்றும் பக்கம் ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்ற கடிதங்களில் இந்திய அஞ்சல்தலைகளே ஒட்டப்பட்டன. அவற்றின்மீது குத்தப்பட்ட ‘பி 172’ என்ற முத்திரைதான் அவை சிங்கப்பூரில் பயன்பட்டவை என்பதைக் காட்டும். 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தன. அப்போதும் புதிய தலைகள் உடனே வரவில்லை. இந்தியத் தலைகளின்மீதே மகுடமும் சென்ட் மதிப்பும் மேலச்சாகப் பொறிக்கப்பட்டன. சிங்கப்பூர் தன் பெயரைத் தாங்கிய அஞ்சல்தலையைப் பெற 1948 வரை காத்திருந்தது. பிறகு 2015 நவம்பரில், அரச உறவின் 50ஆம் ஆண்டையொட்டிச் சிங்கப்பூரும் இந்தியாவும் கூட்டு அஞ்சல்தலை வெளியிட்டன. ஒன்றில் இஸ்தானா, மற்றொன்றில் ராஷ்டிரபதி பவன். ஒரு காலத்தில் இந்தியத் தலையை ஒட்டிய ஊர், இன்று தன் தலையை அதற்கு நிகராக வைத்திருக்கிறது. மேலச்சுத் தலையின் படமும் கூட்டுத் தலைகளும் எம் ஏட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. கூட்டாக வெளியிட்ட தலையாயினும், இஸ்தானா படம் தாங்கிய நம் தலையைச் சென்னையில் ஒட்டி அஞ்சலிட முடியாது. நட்பு எல்லையை அழித்துவிடுவதில்லை. எல்லைக்கு இருபுறமும் நின்று ஒரே பொருளைப் பார்க்கச் செய்கிறது.

தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இங்கே விடை கூறலாம். ஏட்டில் ஒட்டிய தலைக்கு அருகே ஒரு குறிப்பு எழுதப்படாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் வண்ணத்தாள். முதியவர் மறைந்தபின் அவர் ஏடுகள் பழைய தாளோடு தாளாக வெளியேறுவதை நாம் கண்டிருக்கிறோம். அக்குறிப்பைத் தமிழில் எழுதுங்கள் என்பதே எம் வேண்டுகோள். சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகிய தமிழ், இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலும் இடம்பெற்ற மொழி. தலையின் சிறு பரப்பில் எதனை அச்சிடுவது என்பதை அரசுகள் முடிவுசெய்யும். அதனருகே உள்ள வெற்றிடம் நம்முடையது.

இன்றிரவு இல்லம் சென்றதும் பழைய ஏடு ஏதேனும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பேரப்பிள்ளையை அருகில் அமர்த்தி, இணை ஒன்றைத் தேடிச் சேர்த்து, இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.