வேழம் வினாதல்



திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு உள்ளது. அங்கிருந்து காட்டழகர் கோயிலுக்கு ஏறிச் செல்வோர், எதிரே இறங்கி வருவோரைக் கண்டால் பேசாமல் கடந்து போவதில்லை. “மேலே யானை நிற்கிறதா?” என்று கேட்பார்கள். “நாங்கள் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்துப் போங்கள்” என்று விடை வரும். அடுத்து, “ஓடையில் தண்ணீர் கிடக்கிறதா?” என்பார்கள். அதற்கடுத்து, “எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?” இப்போது இரு சாராரும் நின்றுவிடுகின்றனர். பை இறங்குகிறது. கொண்டுவந்த முறுக்கு கைமாறுகிறது.

1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பெற்ற காடு அது. ஆகவே யானையைப் பற்றிய வினா வெறும் வினா அன்று. உயிரச்சம் அதில் உண்டு. ஆயினும் விடை கிடைத்த பின்னரும் வினவியவர் நகர்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. யானையைத் தொட்டுத் தொடங்கிய பேச்சு, யானையை விட்டுவிட்டு வளர்கிறது.

இதற்குத் தமிழ் அகப்பொருள் மரபில் பெயரே உண்டு: வேழம் வினாதல்.

தலைவன் தோழியிடம் தன் குறையைச் சொல்ல வேண்டும். நேரே சொல்ல நாணம் தடுக்கிறது. எனவே ஊரையும் பேரையும் கேட்டும், தான் தொலைத்த ஒன்றைத் தேடி வந்தவன்போல் பேசியும் அவளை அணுகுகிறான். தொல்காப்பியர் களவியலில் இதற்கு இடம் வகுத்துள்ளார். தொலைந்த பொருளைக் ‘கெடுதி’ என்பது அவர் வழக்கு. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் இது மதியுடம்படுத்தல் என்னும் பகுதியாக விரிகிறது. அப்பகுதியின் துறைப்பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஒரு பேச்சு தட்டுத் தடுமாறி நடக்கும் ஓசை கேட்கும்: வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல், பதி வினாதல், பெயர் வினாதல், மொழி பெறாது கூறல்.

தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் நிற்கின்றனர். மதயானை ஒன்று இவ்வழியே வரக் கண்டீர்களோ என்று கேட்கிறான். விடையில்லை. அம்பு தைத்த கலைமான் வந்ததோ என்கிறான். அதற்கும் விடையில்லை. உங்கள் ஊருக்கு வழி எது என்கிறான். பிறகு ஊர் எது என்கிறான். ஊரைச் சொல்வது பழியானால் அதை விட்டுவிடுங்கள், பேரையாவது சொல்லக்கூடாதா என்று இறங்கி வருகிறான். அப்போதும் மௌனம். விருந்தாக வந்தவரோடு பேசுவதில்லை என்று இவர்கள் நோன்பு ஏற்றிருக்க வேண்டும், இல்லையேல் வாய் திறந்தால் மணி உதிர்ந்துவிடும்போலும் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் அவர்கள் காதில் விழச் சொல்கிறான்.

முன்பின் அறியாதவரிடம் பேச்சைத் தொடங்கிய எவரும் இத்தலைவனின் வியர்வையை உணர்வர். வெளியூர்த் திருமண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடமும், புதிய பணியிடத்தில் முதல்நாள் ஆசிரியர் அறையிலும், நேர்காணலுக்குக் காத்திருக்கும் தாழ்வாரத்திலும் இதே வரிசைதான். யானைக்கு மாற்றாக மழை வரும், பேருந்து வரும், ‘சாப்பிட்டாயிற்றா’ வரும். அவ்வளவே வேறுபாடு.

இக்காட்சியில் தலைவனைவிட வியக்கத்தக்கவள் தோழி. அவள் வாய்தான் பேசவில்லை. செவி முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. யானை என்றான், மான் என்றான், வேறு எவை எவையோ சொன்னான், கையிலிருக்கும் தழை என்றான், இறுதியில் தலைவியின் இடையில் வந்து நின்றான். இவர் வார்த்தைக்கு ஆழம் இருக்கிறது என்று பின்னர் அவள் அறிவால் நாடுகிறாள். பொருந்தாத வினாக்களின் தொகுப்பிலிருந்து பொருந்திய ஒரு கருத்தை எடுத்துவிடுகிறாள். பேச்சைத் தொடங்குவது தலைவனின் திறமை. அதனைப் பேச்சாக்குவது கேட்பவளின் செவி. யானை பொய்யென்று அவள் அறிவாள். அறிந்தும் ‘இங்கே யானை ஏது?’ என்று அவனை மடக்கவில்லை. மடக்கியிருந்தால் அகத்திணையே அங்கு முடிந்திருக்கும்!

போலந்தில் பிறந்த மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி, தாம் தங்கி ஆய்ந்த திரோபிரியாண்ட் தீவு மக்களின் வழக்கை நினைவிற்கொண்டு, செய்தி சொல்வதற்கன்றி உறவை நிறுவுவதற்காகவே நிகழும் பேச்சு ஒன்று உண்டென 1923இல் எழுதினார். மொழியியலில் அது பெரிய கண்டுபிடிப்பாகப் போற்றப்படுகிறது. போற்றட்டும். தினைப்புனத்துக்கு அது புதிதன்று.

வள்ளுவர் ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறாரே எனச் சான்றோர் வினவக்கூடும். அவ்வதிகாரத்தின் முதற்குறள் தொடங்குவதே கேட்போரின் வெறுப்பில்தான். பலரும் வெறுக்க ஒருவன் நீட்டிப் பேசுவதை அவர் கடிகிறார். கேட்பவர் முகம் மலரும் ‘சாப்பிட்டாயிற்றா’வை அதில் அடக்குதல் பொருந்தாது. கவிஞர்களிடையே ஒன்றைச் சொல்லலாம்: ‘என் தொகுப்பைப் படித்தீர்களா?’ என்று தொடங்கும் உரையாடல், எத்தனை பயனுடையதாயினும், வள்ளுவர் கடிந்த வகையைச் சாரும்.

தொடங்கிய பேச்சு ஏன் பல வேளைகளில் அறுந்துபோகிறது? விடையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமையால்தான். ‘சாப்பிட்டாயிற்றா?’ என்பதற்கு ‘ஆயிற்று’ என்பது கதவைச் சாத்தும் விடை. ‘ஆயிற்று, வீட்டில் இன்று புளியோதரை, வெயிலுக்கு அதுதான் தாங்கும்’ என்பதில் புளியோதரை ஒரு பிடி, வெயில் மற்றொரு பிடி. இராசபாளையத்தில் நூற்பாலைப் பணிமுறை மாறும் வேளையில் தேநீர்க் கடையில் நின்று கேட்டால் இது விளங்கும். எட்டு மணிநேரம் எந்திர ஓசையில் பேச வழியில்லாதவர்கள், ஒரு குவளைத் தேநீருக்குள் மகன் படிப்பு முதல் கண்மாய் நீர் வரை பேசி முடிக்கின்றனர். ஒருவர் சொல்லின் நுனியை அடுத்தவர் பற்றி எடுக்கிறார். யாரும் யாரையும் திருத்துவதில்லை.

ஆயின், இந்த வட்டாரத்தில் பேசுகையில் ஒன்றை மறைத்துவிட்டுப் போக இயலாது. ‘எந்த ஊர்?’ என்பது மலைப்பாதையில் உறவைத் திறக்கும் வினா. அதே வினா கீழே இறங்கியதும் ‘எந்தத் தெரு?’ என்றாகிறது, பின்னர் ‘யார் வீடு?’ என்றாகிறது. மூன்றாம் வினாவில் சாதி கையில் அகப்பட்டுவிடுகிறது. அதன்பின் நாற்காலி நகர்வதும் நகராததும் அவ்விடையைப் பொறுத்தது. வினவியவர் தாம் வெறுமனே பேச்சுக் கொடுத்ததாகவே நம்புவார். விடை சொன்னவர் அப்படி நம்புவதில்லை. அதனால்தான் சில இளைஞர்கள் ஊர்ப்பெயரைக் கேட்டதும் அருகிலுள்ள பெரிய ஊரின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகின்றனர். இலக்கியக் கூட்டத்துக்கு முதல்முறை வரும் ஓர் இளங்கவிஞரிடம், “தம்பிக்கு எந்த ஊர், எந்தப் பக்கம்?” என்று மூத்தவர் ஒருவர் அன்பாகவே கேட்கிறார் என்று கொள்வோம். அந்த ‘எந்தப் பக்கம்’ அவரை அடுத்த மாதம் வரவிடாமல் செய்யக்கூடும். எத்தனை நல்ல கவிதைகள் வாயிற்படியிலேயே இவ்வாறு திரும்பிப் போயின என்பதற்குக் கணக்கில்லை.

திருக்கோவையார்த் தலைவன் இவ்விடத்தில் நமக்கு ஆசிரியன் ஆகிறான். ஊர் சொல்லத் தயங்கினார்கள். பழியென்றால் வேண்டாம் என்று அவ்வினாவைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டான். சொல்லாதிருக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்துவிட்டே அடுத்ததைக் கேட்டான்.

செண்பகத்தோப்பில் வாழும் பளியரிடம் இதன் மறுபக்கத்தைக் காணலாம். கீழிருந்து போகிறவர்கள் அவர்களிடம் பெரும்பாலும் தேன் கிடைக்குமா, வழி எது, யானை உண்டா என்பனவற்றோடு நின்றுவிடுகின்றனர். பெயரைக் கேட்பவர் அரியர். ஓரிடத்தில் மிகுதியாகத் துருவும் வினா, இன்னோரிடத்தில் கேட்கவே படாமற் போகிறது. இரண்டிலும் எதிரே நிற்கும் ஆள் காணாமற்போகிறார்.

நெல்லையில் ரசிகமணி டி.கே.சி. (1882-1954) தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டியை இலக்கிய அமைப்பினர் அனைவரும் முன்னோடியாகச் சொல்வதுண்டு. மேடையும் தலைமையுமாக அமையாமல், வட்டமாக அமர்ந்து கவிதையைப் பேச்சுக்குள் கொண்டுவந்த அவை அது. வட்டத்தில் அமர்ந்தால் எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும். பேசாமல் இருப்பவர் யார் என்பதும் தெரியும்.

திருவில்லிபுத்தூரின் மகள் ஆண்டாள் இதனைத் தெருவிலேயே நிகழ்த்திக் காட்டினாள். திருப்பாவையின் ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை, தோழியரை எழுப்பும் பாட்டுகள். அவற்றில் நோன்பைப் பற்றிய பெரும்பேச்சுக்கு முன் வருவன யாவும் விடியற்காலைச் சிறுபேச்சே: பறவைகள் சிலம்புகின்றன, எருமைகள் மேயப் போய்விட்டன, வெள்ளி எழுந்துவிட்டது, புழைக்கடை வாவியில் பூ மலர்ந்துவிட்டது. எழாதவளைக் கேலி செய்கிறார்கள். உன் மகள் ஊமையா, செவிடா என்று தாயிடம் கேட்கிறார்கள். கும்பகருணன் தன் உறக்கத்தை உனக்குத் தந்துவிட்டானா என்கிறார்கள்.

பதினைந்தாம் பாட்டில் உள்ளே இருப்பவளும் பேசுகிறாள். சளசளவென்று அழைக்காதீர்கள், வருகிறேன் என்கிறாள். நீ வாய்ப்பேச்சில் வல்லவள் என்பது எங்களுக்கு முன்பே தெரியும் என்று வெளியிலிருந்து குத்துகிறார்கள். வல்லவர்கள் நீங்கள்தான் என்று பதிலடி கொடுத்தவள், மறுகணமே, சரி, நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று இறங்கிவிடுகிறாள். தன்மேல் இல்லாத குற்றத்தையும் ஏற்றுக்கொண்ட அச்சொல்லை வைணவ உரைகாரர்கள் அடியார்க்கு இலக்கணமாகவே கொண்டாடினர். வெல்லக்கூடிய வாதத்தை விட்டுக்கொடுத்து அவள் காத்தது, வெளியில் நிற்பவர்களோடு உள்ள பேச்சை.

பிறகு அவள் கேட்பது ஒன்றே ஒன்று: எல்லாரும் வந்துவிட்டார்களா?

வந்துவிட்டார்கள், நீயே வெளியே வந்து எண்ணிக்கொள் என்கிறார்கள்.