பாலையாவுக்குப் பதில் யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக்கல் படித்தவன். பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. இவனை எதற்கு சினிமா பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள் என்று பின் வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரி நுண்கலை மன்றத்து மாணவர்கள் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். "காதலிக்க நேரமில்லை" படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை அவர்கள் மறுபடி குறும்படமாக எடுக்கப் போகிறார்களாம். அதற்கு சங்க நிதியிலிருந்து பணம் வேண்டும். செயற்குழுவில் பாதிப் பேர் "கொடுக்கலாம்" என்கிறார்கள். மீதிப் பேர் "பழைய படத்தைக் கெடுக்கப் பணம் வேறயா?" என்கிறார்கள். செயலாளர் அண்ணன் என்னிடம், "நீதான் ஹாஸ்டல் காலத்திலேயே பழைய படப் பைத்தியம், நீயே வந்து நாலு வார்த்தை பேசு, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இது வெறும் ரசனைப் பேச்சு இல்லை. இதன் முடிவில் ஒரு காசோலை இருக்கிறது.

அந்தக் காட்சியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவாக நாகேஷ், எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. சத்தம், கை, கால், கண் எல்லாவற்றையும் வைத்து மகன் கதை சொல்கிறான், அப்பா கேட்கிறார். யாரைக் கேட்டாலும் "நாகேஷ் பிரமாதம்" என்பார்கள். பிரமாதம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நாகேஷை விட்டுவிட்டு பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். சிரிப்பு அங்கேதான் உற்பத்தியாகிறது. சின்ன இடைவெளி, ஒரு விழி, பயப்படக் கூடாது என்று பிடித்து வைத்திருக்கும் கௌரவம், பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவுவது. தாங்கியில்லாமல் ஷாஃப்ட் மட்டும் எவ்வளவு வேகமாகச் சுற்றினால் என்ன? ஆட்டம்தான் காணும்.

இன்னொன்றும் உண்டு. 1936-ல் "சதி லீலாவதி" என்று ஒரு படம் வந்தது. எம்.ஜி.ஆருக்கு முதல் படம், என்.எஸ். கிருஷ்ணனுக்கு முதல் படம், பாலையாவுக்கும் அதுதான் முதல் படம். அதில் அவர் வில்லன். அடுத்த வருடம் "அம்பிகாபதி"யிலும் வில்லன். 1964-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுக்காரர்களுக்கு 28 வருஷமாக அந்த முகத்தைத் தெரியும். சூழ்ச்சி செய்த முகம், கதாநாயகனை மிரட்டிய குரல். அந்த ஆள் இப்போது பெற்ற பிள்ளை சொல்லும் கதையைக் கேட்டு நடுங்குகிறார் என்றால் சிரிப்பு இரட்டிப்பாகத்தானே வரும்? இதை எந்த வசனகர்த்தாவும் எழுதவில்லை. ரசிகர்கள் வீட்டிலிருந்தே கொண்டு வந்தார்கள்.

என் அபிப்பிராயத்தின் சாரம் இவ்வளவுதான். ரீமேக் எடுப்பவர் கதையை வாங்கலாம், பாட்டை வாங்கலாம், காட்சிக்குக் காட்சி நகல் எடுக்கலாம். ரசிகர்களின் ஞாபகத்தை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியாது.

அந்தக் காலத்தில் இந்த ஞாபகத்தைச் சேர்த்து வைத்த ஒரு வர்க்கமே இருந்தது. குணச்சித்திர நடிகர்கள் என்று சொல்வோம். பணக்கார அப்பா என்றால் ரங்காராவ், கஞ்சத்தனமான முதலாளி என்றால் வி.கே. ராமசாமி, வில்லன் என்றால் நம்பியார் அல்லது வீரப்பா, கண்ணீர் விடும் அம்மா என்றால் கண்ணாம்பா, பண்டரிபாய். ஒரே அச்சு, ஒரே வார்ப்பு என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வார்ப்பு ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஊற்றிய உலோகம் வேறு வேறு. பெரும்பாலோர் நாடகக் கம்பெனிகளில் சின்ன வயதிலிருந்தே தேய்ந்து வந்தவர்கள். 1947-ல் "நாம் இருவர்" வந்தபோது வி.கே. ராமசாமிக்கு 21 வயதுதான் இருக்கும். அதில் அவர் கிழட்டுக் கள்ளச்சந்தை வியாபாரி. "மிஸ்ஸியம்மா"வில் ரங்காராவ் சாவித்திரிக்கு அப்பா, அப்போது அவருக்கு 36. மேஜர் சந்திரகாந்தாக நடித்தபோது சுந்தரராஜனுக்கு 31. எனக்கு இப்போது 37. எங்கள் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பையன் "அங்கிள்" என்று கூப்பிட்டாலே எனக்கு இரண்டு நாள் தூக்கம் வராது.

சரி, ரீமேக்குக்கு வருவோம். "காதலிக்க நேரமில்லை"யை ஸ்ரீதரே ஹிந்தியில் 1966-ல் "பியார் கியே ஜா" என்று எடுத்தார். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். மோசமான படமா? இல்லவே இல்லை. வடக்கே இன்றைக்கும் அந்தப் பேய்க்கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் சொந்த மனிதர்கள், அவர்களுடைய ஞாபகம் அவர்களுக்கு. நமக்கு மட்டும்தான் உப்பு கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கும். பாலையா ஒரு பையனைப் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொண்டதும், மரியாதை தாங்காமல் "மகன்" என்ற சொல்லையே "மகர்" ஆக்கிவிடுவார் பாருங்கள், அந்த ஒற்றை விகுதிக்குள் ஒரு சமூகமே உட்கார்ந்திருக்கிறது. அதை எந்த மொழிக்குக் கொண்டுபோய் எப்படி இறக்குவது?

எனக்கு ஏமாற்றம் தந்த உதாரணம் வேறு. பாலசந்தரின் "பாமா விஜயம்", 1967. பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நட்சத்திரம் குடி வருகிறாள், மூன்று மருமகள்களும் வசதி இருப்பது போலக் காட்டிக்கொள்ளக் கடனில் விழுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அப்பாவாக பாலையா. ஜெமினி நிறுவனம் 1968-ல் இதை ஹிந்தியில் "தீன் பஹுரானியான்" என்று எடுத்தது. சௌகார் ஜானகி, காஞ்சனா இருவரும் அதிலும் உண்டு. அப்பாவாக யார் தெரியுமா? பிருத்விராஜ் கபூர். 1960-ல் "முகல்-ஏ-ஆஸ"மில் அக்பர் பாதுஷாவாக நின்றவர்! மகா நடிகர், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் அந்த வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கும்போது எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், இவர் ஒரு உறுமல் உறுமினால் மூன்று மருமகளும் அடங்கிவிட மாட்டார்களா? கதை அங்கேயே முடிந்துபோகுமே! பாலையாவிடம் அந்தச் சந்தேகம் வராது. அவர் கத்துவார், ஆனால் கத்தினால் நடக்காது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், தேநீர் இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ரீமேக்கே கூடாதா? யார் சொன்னது? நம் ஊரின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களில் ஒன்றே ரீமேக்தான். ரிஷிகேஷ் முகர்ஜியின் "கோல்மால்" 1979-ல் வந்தது. மீசையில்லாதவன் மனிதனே இல்லை என்று நம்பும் முதலாளியாக உத்பல் தத். வங்காள நாடக மேடையின் பெரிய சிங்கம். அதை பாலசந்தர் 1981-ல் "தில்லு முல்லு" ஆக்கினார். உத்பல் தத்தைப் போல நடிக்க ஆள் தேடாமல், நம் ஊர் முதலாளி எப்படி இருப்பான் என்று தேடி தேங்காய் சீனிவாசனைப் பிடித்தார். ரஜினி "அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்" என்று தன் பெயரைச் சொல்லும்போது தேங்காய் முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், அது பம்பாயிலிருந்து வந்த சரக்கு இல்லை. இங்கேயே முளைத்தது. கடைசியில் கமல் வக்கீலாக வந்து தலைகாட்டுவதும் நம்ம ஊர் சேர்க்கைதான்.

அதே "தில்லு முல்லு" 2013-ல் மறுபடி வந்தது. சிவா கதாநாயகன், முதலாளியாகப் பிரகாஷ்ராஜ். 1981-ல் இசையமைத்த எம்.எஸ்.வி. பெயரும் யுவன் பெயரும் சேர்ந்தே இருந்தது, அது மட்டும் எனக்குச் சந்தோஷம். படம்? பிரகாஷ்ராஜின் திறமையில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தக் கதையின் உயிர் ஒரு பயத்தில் இருக்கிறது. ஏமாற்றுகிறவனுக்கு வேலை போய்விடுமே என்ற பயம், அதைவிட, இவ்வளவு நல்ல மனுஷரை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல். தேங்காயைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து வரும். 2013-ல் வசனம் வசனமாகக் கிண்டல் ஓடுகிறது, யாருக்கும் யாரிடமும் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் பொய்க்கு என்ன வேலை?

"முரட்டுக்காளை"யும் அப்படித்தான். 1980-ல் ஜெய்சங்கர் வில்லனாக வந்ததுதான் செய்தி. நம்ம ஊர் ஜேம்ஸ்பாண்டு, நல்லவர், அவரா கெட்டவர் என்று ஜனங்கள் வாய் பிளந்தார்கள். 2012-ல் திரும்ப எடுத்தபோது அந்த இடத்தில் சுமன். அவரை 2007-லேயே "சிவாஜி"யில் வில்லனாகப் பார்த்தாயிற்று. அப்புறம் என்ன அதிர்ச்சி?

"சந்திரமுகி" பற்றிச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். 1993-ன் "மணிச்சித்திரத்தாழ்" எனக்கு உயிர். 2005-ல் வந்த "சந்திரமுகி" சாந்தி தியேட்டரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது, ஆகவே நான் ஏமாந்தேன் என்று சொன்னால் அது என் சொந்தக் கஷ்டம். மலையாளத்தில் மோகன்லால் வருவதற்குள் பாதிப் படம் முடிந்துவிடும். அதற்குள் அந்த வீட்டு மனிதர்கள், இன்னசென்ட், நெடுமுடி வேணு, கே.பி.ஏ.சி. லலிதா எல்லோரும் நமக்குச் சொந்தக்காரர்களாகியிருப்பார்கள். தமிழில் ரஜினி ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறார், வராமல் இருக்க முடியாது. நட்சத்திரம் முன்னால் வர வர, வீடு பின்னால் போய்விடுகிறது. என் மனைவிக்கு இதில் உடன்பாடு கிடையாது. வடிவேலு ஒருத்தர் போதும் என்பது அவர் கட்சி. அதையும் பதிவு செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி சோறு கிடைக்காது.

இந்தச் சேமிப்பை நல்ல விதமாகச் செலவு செய்தவர்களும் உண்டு. நம்பியாரை எத்தனை வருஷம் கையைப் பிசைய வைத்துவிட்டு, 1982-ல் பாக்யராஜ் "தூறல் நின்னு போச்சு" படத்தில் நல்ல மனிதராகக் கொண்டுவந்து நிறுத்தினார்! அந்தக் கைதட்டல் புதுமுகத்துக்குக் கிடைத்திருக்குமா? பாலையா 1972-லும் ரங்காராவ் 1974-லும் போய்விட்டார்கள். நாகேஷ் 2009-ல், டெல்லி கணேஷ் 2024-ல். இன்றைக்கு எம்.எஸ். பாஸ்கர் மாதிரி ஒரு சிலரைப் பார்க்கும்போதுதான் அந்தக் கூட்டத்தின் வாடை அடிக்கிறது. "பாபநாசம்" படத்தில் டீக்கடைக்காரராக அவர் வந்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது, அந்தப் படம் நன்றாகவும் இருந்தது.

இப்போது தம்பி தங்கைகளின் விண்ணப்பம். எழுதியதை முழுக்கப் படித்தேன். நாகேஷ் வேடத்துக்கு ஏழு பேர் போட்டி என்று போட்டிருக்கிறது. பாலையா வேடத்துக்கு எதிரே "முடிவாகவில்லை". தம்பி, எனக்கு இடிக்கிறது அங்கேதான். கேட்கிற ஆள் கிடைக்காமல் கதை சொல்கிற ஆளை மட்டும் வைத்து எடுத்தால், அது நாகேஷைப் போல மிமிக்ரி செய்கிற ஒரு பையனின் வீடியோ. அது ஏற்கெனவே ஊரெல்லாம் இருக்கிறது, அதற்குச் சங்கப் பணம் எதற்கு?

உங்களிடம் ஒரு சொத்து இருக்கிறது, கவனித்தீர்களா என்று தெரியவில்லை. உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கல்லூரிக்காரர்கள். எங்களுக்கெல்லாம் பொதுவான ஞாபகம் ஒன்று உண்டு. இருபத்தைந்து வருஷமாக ஒர்க்ஷாப்பில் நம்மையெல்லாம் ஃபைல் பிடிக்க வைத்து, அரை மில்லிமீட்டர் தப்பினால் ஜாபைத் தூக்கி எறிந்து நடுங்க வைத்த இன்ஸ்ட்ரக்டர் ஐயா, போன வருஷம் ஓய்வு பெற்றார், இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு, கைதட்டல்.) அவரை உட்காரவைத்து ஒரு முதலாண்டு மாணவன் பேய்க்கதை சொன்னால் எப்படி இருக்கும்? எஸ்டேட் வேண்டாம், ஒர்க்ஷாப்பிலேயே எடுங்கள். ராத்திரி தானாக ஓடும் லேத் மெஷின் என்று கதை வையுங்கள். செல்லப்பா பெயரும் வேண்டாம். ஐயா முன்னே பின்னே நடித்ததில்லை என்பார், நடிக்கவே வேண்டாம், சும்மா நம்மைப் பார்த்த மாதிரி பார்த்தால் போதும்.

செயற்குழுவுக்கு என் யோசனை: பணம் கொடுக்கலாம். பாதியை இப்போது கொடுத்துவிட்டு, மீதியை பாலையா இடத்துக்கு ஆள் முடிவான பிறகு கொடுக்கலாம். எடிட்டிங் செய்யப்போகிற தங்கைக்கு ஒரு வார்த்தை. கேட்கிறவர் முகத்தில் கேமரா நிற்கும்போது சீக்கிரம் வெட்டிவிடாதே அம்மா, இன்னும் இரண்டு வினாடி விடு.

ஐயா, நீங்கள் சம்மதிப்பீர்களா என்பதை மட்டும் தேநீருக்கு முன்னால் சொல்லிவிட்டால், பொருளாளர் காசோலைப் புத்தகத்தோடு தயாராக இருக்கிறார்.