கேட்டுவிட்டு மறைப்போம்

ஜியோகேஷிங் என்று ஒரு புதையல் வேட்டை விளையாட்டு இருக்கிறது. ஒருவர் சின்ன டப்பாவை ஓரிடத்தில் மறைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் தருவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிப் போவார்கள். 2000 மே 3-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் முதல் டப்பாவை வைத்தார்.

இதில் முதன்மையான விதி, நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்பது.

2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில், கடைத்தெருவில் ஒருவர் டப்பா மறைப்பதைப் பார்த்தவர்கள் பயந்துபோய்ப் போலீசுக்குச் சொன்னார்கள். ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்த டப்பாவைத் தகர்த்தார்கள். அருகிலிருந்த கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், இவ்வளவு பதற்றத்துக்கு இடமில்லை.

இங்கிலாந்தின் கிராமங்களில் சாந்து இல்லாமல் கல்லடுக்கிய வேலிச்சுவர்கள் உண்டு. தேடுபவர்கள் நாலு கல்லை உருவினால் சுவர் சரியும், ஆடுகள் வெளியேறிவிடும். அதனால் அந்தச் சுவர்களில் டப்பா வைக்கவே கூடாது என்பது பிரிட்டன் விளையாட்டுக்காரர்களின் விதி. இதுபோல, எந்தப் புதரில் பறவை கூடு கட்டும், எந்தக் கரை இடியும் என்பதெல்லாம் நிலத்துக்காரருக்குத்தான் தெரியும்.

அனுமதி கேட்கும்போது டப்பாவைக் காட்டுங்கள். எங்கே வைப்பீர்கள், ஆட்கள் எந்த வழியாக வருவார்கள் என்று சொல்லுங்கள். தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிடுவதாக உறுதி கூறுங்கள். பூங்காவோ காடோ என்றால், பொறுப்பான அலுவலகத்தைக் கேளுங்கள்.

நாம் ஒருமுறை போய் வைக்கிறோம். பின்னால் வருகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்த அனுமதி.