கடைமடைக்கு வந்ததே பங்கு

(அறந்தாங்கியில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காவிரியைப் பற்றிப் பேசுவோர் பலரும் ‘எத்தனை டி.எம்.சி.?’ என்றே வினவுகின்றனர். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடிக் கன அடி. அவ்வளவு வேண்டியதே. ஆயினும், கடைமடையில் நிற்கும் நாம் முதலில் கேட்கவேண்டியது, ‘எந்தத் திங்களில்?’ என்பதே.

1924-இல் சென்னை அரசும் மைசூர் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அத்திட்டத்தின் கூறாக வெட்டப்பட்டதே கல்லணைக் கால்வாய் என்னும் புது ஆறு. தஞ்சை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் பாய்ந்தபின் அதன் வால் நாகுடிப் பக்கம் வந்து நம் ஏரிகளை நிரப்புகிறது.

1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்பிரவரி 5-இல் வந்த அதன் இறுதித் தீர்ப்பு, பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. நீர் தரவேண்டும் என்றது. 2018 பிப்பிரவரி 16-இல் உச்சநயன்மன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. நம் நிலத்தடி நீரைக் காட்டி 10. பெங்களூரின் குடிநீருக்கென 4.75. இழந்தது 14.75 டி.எம்.சி.!

எஞ்சியதேனும் உரிய காலத்தில் வருகிறதா? சூனில் 9.19, சூலையில் 31.24, ஆகத்தில் 45.95, செப்டம்பரில் 36.76 எனத் திங்கள்தோறும் கணக்குண்டு. இந்நான்கு திங்களுக்கு மட்டும் 123.14, பத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு! நாற்று விடும் காலத்தில் மறுத்துவிட்டு, தம் அணைகள் நிரம்பி வழியும்போது திறந்துவிடும் வெள்ளத்தைக் கூட்டிக் காட்டுவது பங்கீடாகுமா? பசித்தவனுக்கு மறுத்த சோற்றை அவன் இறந்தபின் படைப்பது போன்றதன்றோ அது!

மழை குறைந்தால் எல்லார் பங்கும் அதற்கேற்பக் குறைதல் வேண்டும் என்பதும் தீர்ப்பே. அக்குறைவை எவ்வாறு கணக்கிடுவது என்பதில்தான் 2023-இல் பூசல் மூண்டது. மேலாண்மை ஆணையம் நொடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னது. செப்டம்பர் 21-இல் உச்சநயன்மன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஆனால் பயிர் தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை. ஆதலின், குறைநீர்க் காலக் கணக்கைச் சூனுக்கு முன்பே வகுத்து வைத்தல் வேண்டும். இதுவே நாம் ஆணையத்தின்முன் வைக்கவேண்டிய முதற் கோரிக்கை.

இன்னொன்றும் கூறுவேன், சினவாதீர்கள். கருநாடகத்திடம் நாம் கேட்கும் அறம் நமக்குள்ளும் நடத்தல் வேண்டும். கல்லணையின் தலைமடையில் இருப்போர் நம் உடன்பிறப்புகள். அவர்க்கு நாம் கடைமடை. முறைப்பாசன நாள்களை முன்னரே அறிவியுங்கள்! கல்லணையில் திறந்த அளவோடு நாகுடிக்கு வந்துசேர்ந்த அளவையும் நாள்தோறும் ஊரறியப் பலகையில் எழுதுங்கள்! நாமும் நம் ஏரிகளைத் தூர்வாரி, வரத்துக்கால்களின் ஆக்கிரமிப்பை அகற்றுவோம். வந்த நீரைத் தேக்க இடமில்லாதவன் வராத நீருக்கு வழக்காடினால் எவர் மதிப்பர்?

நம் மாவட்டக் குளங்களின் குமிழிக் கற்களில், குமிழி அமைத்தவர் பெயரைப் பொறித்து வைத்தனர் முன்னோர். நீர் விடுவதைப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் கடமையாகக் கொண்ட இனம் இது. ‘கடைமடை’ என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். கடைசியானாலும் அதுவும் மடையே! அங்கு நீர் பாய்ந்தாலன்றிப் பங்கீடு முடிந்ததாகாது.

உரிமைக்கு ஒன்றுபடுவோம்! கடைமடை நனையும்வரை ஓயோம்!